கலர் போன தண்ணி

பதினொன்னே முக்கால். வெயில் நல்லா விழுந்திருச்சு, வானத்துல ஒரு துண்டு மேகம் இல்ல, கிளிப்பை மாட்டினா சோதனை ஓட ஆரம்பிச்சிரும், இந்த நேரம் பாத்துத்தானா இவன் படம் அனுப்போணும். கொழந்தவேலு, என் கொழுந்தன். கண்ணாடி பாட்டிலை ஜன்னலுக்கு நேரா புடிச்சு எடுத்திருக்கறான், உள்ள தண்ணியாட்டம் இருக்குது, தண்ணி இல்ல, அவன் மூத்திரம். கீழ ஒரே வரி. "அண்ணி, கலர் போயிருச்சுங்க. பாஸுங்களா?" நான் பாத்துட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும், டிக் ரெண்டும் நீலமாயிருக்கும். பாக்காமயே இருந்திருக்கலாம். சாயப்பட்டறையில மெஷின் பக்கத்துல நின்னுட்டு, என்ற ஒரு வார்த்தைக்குப் போனையே வெறிச்சுட்டு இருப்பான். திங்கக்கிழமை காலைல கோயமுத்தூர்ல டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வெச்சிருக்குது, சன்னக் குழாயை உள்ள விட்டுப் பாக்கற டெஸ்டு. நான் பாஸுன்னு சொன்னா அவன் போகமாட்டான். இல்லேன்னு சொன்னாலும் போகமாட்டான், ஏனுங்கன்னு கேப்பான். அந்த ஏனுங்களுக்குத்தான் எங்கிட்டப் பதில் இருக்குது, அதைச் சொல்றதுக்குத்தான் வாய் வரமாட்டேங்குது. போனைக் கவுத்து வெச்சுட்டேன். மொதல்ல இந்த வேலை.

லேப் மொட்டை மாடித் தரை கொதிக்குது, செருப்புக்குள்ள வரைக்கும் சூடு ஏறுது. முன்னால ஸ்டூல், ஸ்டூல் மேல கண்ணாடிப் பெட்டி, பெருசா ஒண்ணுமில்ல, சோப்பு டப்பா அளவுதான். உள்ள ஒரு பக்கம் மஞ்சத் தகடு, எதுக்கால ஒரு கம்பி. தகடுன்னா கண்ணாடிதான், மஞ்சள் நான் பூசினது, மூணு வருசமா பூசிப் பூசி, உலையில சுட்டுச் சுட்டு, உரிஞ்சு உரிஞ்சு குப்பைக்குப் போனதே நூத்துக்கு மேல. வெயில் பட்டா அந்தப் பூச்சுல மின்சாரம் எந்திரிக்கும், நான் கொஞ்சம் வோல்டேஜ் குடுத்து அதை ஒரு பக்கமா இழுத்து விடுவேன், அது தண்ணியில இருக்கற சாயத்தை உடைக்கும். அவ்வளவுதான். செமினார்ல ஒரு மணி நேரம் சொல்றதை மாமாவுக்கு இப்படித்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர், சென்னியப்பன், சாயப்பட்டறையில மாஸ்டர். கேட்டு முடிச்சுட்டு, "அப்ப நாங்க ஏத்தறதை நீ எறக்கற"ன்னாரு. "புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இப்படி மல்லுக்கு நின்னா ஊரு சிரிக்காதா"ன்னு கேட்டாரு. கேட்டவருதான் ஆறு கேன் சாயத் தண்ணி புடிச்சுக் குடுத்தாரு, ஒரே நாள்ல, ஒரே மெஷின்ல இருந்து, ஏன்னா ஆராய்ச்சி முடியற வரைக்கும் ஒரே தண்ணியா இருக்கோணும். லேப் ஃப்ரிட்ஜுல வெச்சு வெச்சு எடுத்தேன். கேன் மேல மார்க்கர்ல அவரு கையெழுத்து. "வாணிக்கு. ரெட். மொத வாஷ். யாரும் தொடாதே." அஞ்சு கேன் ஓடிருச்சு. ஆறாவதுல அடியில நூறு மில்லி இருந்துச்சு, அது இப்ப இந்தப் பெட்டிக்குள்ள. இன்னைக்கு ஓட்டினா தீசிஸுக்குக் கடைசிப் புள்ளி கெடச்சிரும். அவரு கை பட்ட சாயம் அதோட தீந்துச்சு. கேனைக் கழுவாதீங்கன்னு கீழ சொல்லிட்டுத்தான் வந்திருக்கறேன், லேப்ல எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க, பாத்தா பாத்துட்டுப் போகட்டும்.

வெயில் படறதுக்கு முன்னால எடுக்கறது பூஜ்ஜியக் குப்பி. எடுத்தாச்சு. கருஞ்செவப்பு. கிளிப்பை மாட்டினேன், மீட்டர்ல நம்பர் எந்திரிச்சு நின்னுச்சு, ரெண்டே முக்கால் மில்லி ஆம்பியர். பன்னெண்டு. இனி காமணி நேரத்துக்கு ஒரு குப்பி. பெட்டிக்குள்ள ஒண்ணும் நடக்கறாப்பல தெரியாது, கம்பியில மட்டும் சின்னச் சின்னக் குமிழி. மாமா ஒரு நாள் இங்க வந்து பக்கத்துல குந்திட்டு முழுசாப் பாத்தாரு. "சத்தமே இல்லியே வாணி, எங்க மெஷினைப் பாரு, எட்டு மணி நேரம் கத்தும்"னாரு. பதினாறு வயசுல பட்டறைக்குப் போனவரு. மூட்டையைப் பிரிச்சுக் கையிலயே பவுடர் அள்ளிப் போட்ட காலம் அது, மாஸ்க் கெடையாது ஒண்ணும் கெடையாது. துப்பினா கலரு, மூக்கு சிந்தினா கலரு, பனியன் அக்குளு கலரு, தலகாணி உறையில கலரு. கல்யாணமான புதுசுல நான் பயந்தே போனேன், கைக்குட்டை நீலமா இருந்துச்சு. சிரிச்சாரு. "பட்டறையில இன்னைக்கு என்ன ஷேடு ஓடுதுன்னு ஊட்லயே தெரிஞ்சுக்கலாம் உனக்கு"ன்னாரு. அதே பேச்சைத்தான் மூத்திரம் செவப்பாப் போனப்பவும் பேசினாரு. ரெட் ஆர்டர் ஓடுது, அதான். பட்டறையில எல்லாரும் அப்படித்தான் பேசிக்குவாங்க, எனக்கும் இப்படி இருந்துச்சு உனக்கும் இப்படி இருந்துச்சுன்னு, டீ குடிச்சுட்டே. வலி இருந்திருந்தாலாவது போயிருப்பாரு. வலியே இல்ல. வெறும் கலரு. ஊருல வேற எவனுக்காவது மூத்திரம் செவப்பாப் போனா பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடுவான், இவங்க மட்டும் ஆர்டர் புக்கைப் பாப்பாங்க. ஆர்டர் மாறி பச்சை ஓடினப்பவும் செவப்புத்தான் போயிட்டு இருந்துச்சு. உடம்புல ஊறினது எறங்கறதுக்கு நாளாகும்னாரு. நானும் உம்னு கேட்டுக்கிட்டேன்.

பன்னெண்டேகால். குப்பி எடுத்தாச்சு, அவ்வளவா மாத்தமில்ல. பன்னெண்டரைக்கு மாறும், எனக்குத் தெரியும், இந்தத் தண்ணி எனக்கு அவ்வளவு பழக்கம். உப்பு நெறையப் போட்டு ஏத்தின சாயம், அந்த உப்பே உடைஞ்சு ப்ளீச்சிங் பவுடர் வாசம் வரும், வந்தாச்சு, லேசா மூக்குல ஏறுது. போன் அதிருது. எடுக்கல. கொழந்தவேலுதான், இல்லேன்னா அவன் சம்சாரம் தேவிகா. போன வாரம் வந்து சமையக்கட்டுல நின்னுட்டு அழுதா. "அக்கா, அவரு யாரு சொன்னாலும் கேக்கமாட்டேங்கறாரு, நீங்க சொன்னா மட்டும் கேப்பேன்னாரு"ன்னா. கேப்பான். தண்ணிய டெஸ்ட் பண்றவ நான்தானே அவங்க குடும்பத்துல. அண்ணன் போய்ச் சேந்து அஞ்சு மாசம், அண்ணன் நின்ன மெஷின்லதான் அவன் நிக்கறான். அண்ணனோட வயித்துல ஓட்டை போட்டு பை மாட்டி விட்டதைக் கூடவே இருந்து பாத்தவன். பையை மாத்தி விட்டவன். அதனாலயே போகமாட்டேங்கறான். அவங்க ஊட்டுக்குப் போயிருந்தப்ப எங்கிட்ட அவன் சொன்ன கணக்கு வேற. "அண்ணனுக்குக் கடைசி வரைக்கும் செவப்பாத்தானுங்க போச்சு. எனக்கு அப்பப்ப நின்னுருதுங்க அண்ணி. அப்ப அது வேற, இது வேறதானுங்களே?" நான் அதுக்கும் உம்னுதான் கேட்டுக்கிட்டேன். அன்னைக்கே சொல்லியிருக்கோணும். அண்ணனுக்கும் நின்னுச்சு தம்பி, கார்த்திகை மார்கழி தை மூணு மாசம் நின்னுச்சு, எனக்குத் தெரியும், உலகத்துல எனக்கு மட்டும்தான் தெரியும்னு. சொல்லல. தேவிகா டீ வெக்கட்டுமான்னு கேட்டா, வெய்யுன்னேன்.

டாக்டர் கேட்டாரு அன்னைக்கு, போன சித்திரையில, கட்டி கட்டியா ரத்தம் அடைச்சுத் துடிச்ச மாமாவை அள்ளிட்டுப் போனமே அன்னைக்கு. எத்தனை நாளா இப்படின்னு கேட்டாரு. நடுவுல நின்னுச்சான்னு கேட்டாரு. மாமா என்னைத் திரும்பிப் பாத்தாரு, பாத்துட்டு, "இல்லீங்க"ன்னாரு. எனக்காகச் சொன்ன பொய். நான் அப்பவாவது வாயைத் தொறந்திருக்கோணும். ஆறு மாசம் முந்தி வந்திருந்தா மூத்திரப்பையில இருக்கற புத்துக்கட்டியைச் சொரண்டி எடுத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னப்ப அவரு என் பக்கமே பாக்கல, செவுத்துல இருந்த காலண்டரைப் பாத்துட்டு இருந்தாரு. சாயத்தாலயான்னு கொழந்தவேலு கேட்டான். உறுதியாச் சொல்ல முடியாது, பீடி குடிப்பாரான்னு கேட்டாரு டாக்டர். குடிப்பாரு. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

நம்பர் எறங்குது. ரெண்டு புள்ளி ஒண்ணு, ஒண்ணு புள்ளி நாலு. மேகம், எங்கிருந்து வந்துச்சோ. நெழலு மாடியில ஊந்து வந்து என் காலுக்கு மேல ஏறிப் போகுது. படிக்கட்டுல மூச்சு வாங்கிட்டு எப்சிபா மேடம் வர்றாங்க, என் கைடு, நாகர்கோவில்காரங்க, கையில கொடை. "என்ன பிள்ளே, தலையில துணி கூட இல்லாம இருக்க? சாப்டியா?" ஆச்சுங்க மேடம்னேன். பொய். குப்பிகளை வரிசையாப் பாத்தாங்க, கருஞ்செவப்பு, செவப்பு, இப்ப எடுத்தது ரோஸ். மாமாவோட ஷேடு கார்டு மாதிரி இருக்குது, அடர்த்தியில இருந்து வெளிறல் வரைக்கும் துண்டு துண்டா ஒட்டி வெச்சிருப்பாரே அது. "நல்லா போகுது. கலர் போயிட்டுன்னு பாதியில நிறுத்திராத, கேட்டியா. மூணு மணி நேரம் முழுசா ஓட்டு." தெரியுங்க மேடம். "உனக்கா தெரியாது" ன்னு சொல்லிட்டு, கொடையை என் பக்கத்துல வெச்சுட்டுப் போனாங்க. தோளைத் தொட்டுட்டுப் போனாங்க. எனக்கா தெரியாது.

அதான் சிக்கிக்குது, எங்க சுத்தினாலும் வந்து அங்கதான் சிக்கிக்குது. அந்தச் சித்திரைக்கு முந்தின டிசம்பர் பதினொன்னு, வியாழக்கிழமை. மொதத் தடவையா கலர் முழுசாப் போச்சு, நான் துள்ளிக் குதிச்சுட்டு நோட்டுல "தண்ணீர் சுத்தம்"னு எழுதினேன். சாயங்காலம் இன்னொரு டெஸ்டு முடிவு வந்துச்சு, தண்ணிக்குள்ள இன்னும் எவ்வளவு கெடக்குதுன்னு சொல்ற டெஸ்டு. மூணுல ரெண்டு பங்கு அப்படியே கெடந்துச்சு. சாயம் உடைஞ்சிருக்குது, துண்டு துண்டாயிருக்குது, கண்ணுக்குத் தெரியல, ஆனா உள்ளதான் இருக்குது, துண்டுல சிலது சாயத்தை விட மோசம். மேடம் என் எழுத்தைச் செவப்பு மையில அடிச்சு, பக்கத்துல எழுதினாங்க. "நிறம் போனது என்று எழுது. சுத்தம் என்று எழுதாதே." நோட்டு இன்னும் இருக்குது. வியாழன், வெள்ளி, சனி. மூணே நாள். ஞாயித்துக்கிழமை கறி அடுப்புல இருக்குது, நான் தேங்கா அரைச்சுட்டு இருக்கறேன், மாமா வந்தாரு, கையில என்ற லேப் குப்பி. ஸ்டோர்ல வாங்கி ஊட்டுக்கு எடுத்துட்டு வந்த புதுப் பாக்கெட், ஐம்பது குப்பி, அதுல ஒண்ணை எடுத்திருக்கறாரு. சமையக்கட்டு ஜன்னல் வடக்கே பாத்தது, அதுக்கு நேரா தூக்கிப் புடிச்சாரு, துணி பாக்கற மாதிரியே. நேர் வெயில்ல ஷேடு பாக்கக்கூடாது வாணி, வெயில் பொய் சொல்லும்னு சொல்லுவாரு. "பாரு. கலர் போயிருச்சு. நாந்தான் சொன்னேனே, சாயந்தான்னு. பாஸா?" ஆர்டர் குடுத்த பார்ட்டிகிட்ட ஷேடு காட்டிக் கேப்பாங்களே அந்தக் கொரல். நான் கை கூடத் தொடைக்கல. ஜன்னல் வெளிச்சத்துல பாத்தேன், பச்சத் தண்ணியாட்டம் இருந்துச்சு. "பாஸ் மாமா"ன்னேன். சிரிச்சுட்டே சொன்னேன். கறி அடி புடிக்கற வாசம் வந்துச்சு, திரும்பிட்டேன். நம்பித்தான் சொன்னேனா, கறி தீயுதுன்னு சொன்னேனா, நூறு தடவை கேட்டுப் பாத்துட்டேன். பட்டறைத் தண்ணின்னா மூணு நாளுக்கு முன்னால கத்துக்கிட்டது ஞாவகம் வந்திருக்கும். புருசன் தண்ணிக்கு வரல. திங்கக்கிழமை குப்பிப் பாக்கெட்டை லேப்ல எண்ணினா நாப்பத்தொன்னுதான் இருந்துச்சு. எண்ணாமக் குடுத்துட்டீங்கன்னு ஸ்டோர்காரர்கிட்ட சண்டைக்குப் போனேன். அந்தாளு பாவம், எண்ணித்தாம்மா குடுத்தேன்னாரு. அதுக்கெல்லாம் என் கண்ணு நல்லாத் தெரிஞ்சுது.

ஒண்ணேகால். மேகம் போயி ரொம்ப நேரமாச்சு, நம்பர் ரெண்டரைக்குத் திரும்பிருச்சு. இந்தக் குப்பியில கலர் இல்ல. தூக்கிப் பாத்தேன், நேர் வெயில்ல, கொடை நெழல்ல, ரெண்டுலயும் இல்ல. மாமா போட்ட ரெட்டு போயிருச்சு. பூஜ்ஜியக் குப்பி மட்டும் ஸ்டாண்டு மொனையில நிக்குது, அதையும் டெஸ்டுக்குக் குடுக்கோணும், குடுத்தாத்தான் எவ்வளவு எறங்குச்சுன்னு கணக்கு வரும். அழுவேன்னு நெனச்சேன். அழுக வரல, கோவந்தான் வருது, யார் மேலன்னு தெரியல. போனைத் திருப்பினேன். நாலு மிஸ்டு கால். கீழ இன்னொரு வரி. "அண்ணி பாஸ்னா திங்கக்கிழமை லீவு கேக்காம உட்டுரட்டுங்களா?" உட்டுரட்டுங்களா. அண்ணன் மாதிரியே கேக்கறான். இந்தக் கையில இந்தக் குப்பி, அந்தக் கையில போனு. எழுதினா ஒரு வார்த்தை. எழுத முடியாது இதை. அழுத்திட்டேன்.

மொத ரிங்குலயே எடுத்தான். பின்னால மெஷின் கத்துது. "பாத்தீங்களா அண்ணி?" பாத்தேன் தம்பின்னேன். "பாஸுதானுங்களே?" மெஷினை விட்டு வெளிய வாங்க தம்பி, ஒண்ணு சொல்லோணும்னேன். நடக்கற சத்தம், கதவு சத்தம், அப்பறம் அமைதி. சொன்னேன். உங்க அண்ணனுக்கும் நின்னுச்சு தம்பி. கார்த்திகைக் கடைசியில ஒரு குப்பியில புடிச்சுட்டு வந்து எங்கிட்டக் காட்டினாரு, பச்சத் தண்ணியாட்டம் இருந்துச்சு, பாஸுன்னு நாந்தான் சொன்னேன். நான் சொன்னதாலதான் அவரு போகல. கலர் போறது வேற சுத்தமாகறது வேறன்னு தெரிஞ்சவ நான், தெரிஞ்சும் சொன்னேன். டாக்டர்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டயும் சொல்லல. எங்க என்னை வெறுத்துருவீங்களோன்னு சொல்லல. கொரல் எனக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியல, யாரோ பேசற மாதிரி வந்துச்சு. தம்பி, இருக்கறீங்களா?

"இருக்கறேனுங்க" ன்னான். "நேத்து சாயங்காலம் செவப்புத்தானுங்க அண்ணி. முந்தாநேத்தும். இன்னைக்கு விடிஞ்சதும் நாலு சொம்பு தண்ணி குடிச்சேன். மொத ரெண்டு தடவை புடிச்சதைக் கீழ ஊத்திட்டேன். மூணாவது வெள்ளையா வந்துச்சு, அதைப் படம் எடுத்தேன்." எதுக்கு தம்பி அப்படிப் பண்ணினீங்க. "துணி லாட்டுல நல்ல துண்டாப் பாத்து வெட்டித்தானுங்களே பார்ட்டிக்குக் காட்டுவோம். நீங்க பாஸ்னு சொன்னீங்கன்னா தைரியமா இருக்கும்னு. தேவிகா அழுகறதை நிறுத்துவாள்னு." அப்பறம் மூக்கை உறிஞ்சினான். "அண்ணன் எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லீங்க அண்ணி. நான் பாத்ததும் இல்ல. ஆனா அப்படி வெட்டிக் காட்டறதுக்கு எனக்குச் சொல்லிக் குடுத்தது அண்ணந்தானுங்க."

வெயில் கண்ணைக் குத்துது. மீட்டர்ல ரெண்டு புள்ளி அஞ்சு, அசையாம நிக்குது. "திங்கக்கிழமை எத்தனை மணிக்குங்க?"ன்னு கேக்கறான். ஏழு மணிக்குன்னேன். வெறும் வயித்துல வரோணும்னேன். "நீங்களும் வர்றீங்களா அண்ணி?" வர்றேன் தம்பி, வராம எங்க போறேன். வெச்சுட்டான்.

நடுவுல நின்னுச்சான்னு டாக்டர் கேட்டாரு, இல்லீங்கன்னாரு. எனக்காகச் சொன்ன பொய்யின்னு ஒரு வருசமா நெனச்சுட்டு இருக்கறேன். அதுதான் நெசம், நிக்கவே இல்ல. பொய் அதுக்கு முன்னாலயே ஜன்னல்ல புடிச்சுக் காட்டியாச்சு. ஐம்பது குப்பி. திங்கக்கிழமை நாப்பத்தொன்னு. ஒண்ணு என் கண்ணு முன்னால தூக்கிப் புடிச்சது. மிச்சம் எட்டு. எட்டுத் தடவை புடிச்சு, எட்டுத் தடவை ஜன்னல் வெளிச்சத்துல தனியாப் பாத்து, எனக்குத் தெரியாம கொண்டுபோய்க் கீழ ஊத்திட்டு, ஒம்பதாவதைக் கையில எடுத்துட்டு சிரிச்ச மூஞ்சியோட சமையக்கட்டுக்கு வந்திருக்கறாரு. பெட்டிக்குள்ள தண்ணி தண்ணியாட்டமே நிக்குது, குமிழி மட்டும் வந்துட்டு இருக்குது. மூணு மணி வரைக்கும் ஓட்டோணும். ஒண்ணரை ஆச்சு, அடுத்த குப்பியை எடுத்து மூடி மேல நேரம் எழுதினேன்.